கருமுட்டை எடுத்த பிறகு வயிற்றில் நீர் சேர்வது ஏன்? தடுக்க முடிந்த ஆபத்தும், கைவிடப்படும் பெண்களும்!

2022 ஜூன் மாதம் ஈரோட்டிலிருந்து வந்த அந்தச் செய்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதை, போலி ஆதார் அட்டையில் கூட்டிக் காட்டி, அவளுடைய கருமுட்டைகளைத் திரும்பத் திரும்ப விற்றிருந்தார்கள். விற்றது வேறு யாருமில்லை... பெற்ற தாயும், அந்தத் தாயோடு வாழ்ந்த ஆணும், கூடவே ஒரு புரோக்கரும். போலீஸ் கைது செய்தது. சுகாதாரத்துறை மருத்துவக் குழுவை அமைத்து விசாரித்தது. தமிழ்நாட்டில் நான்கு மருத்துவமனைகள் மீது நடவடிக்கை அறிவிக்கப்பட்டது. கொஞ்ச நாள் எல்லோரும் கொந்தளித்தோம். அப்புறம் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

அந்த நாள்களில் போலி ஆதார் பற்றிப் பேசினோம். புரோக்கர் கமிஷன் பற்றிப் பேசினோம். ஆனா, பத்து நாள் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து எடுக்கும்போது ஒரு பெண்ணின் உடம்புக்குள் என்ன நடக்கும், அது எப்போது ஆபத்தாக மாறும் என்பதைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

இந்தக் கேள்வி கருமுட்டை கொடுப்பவர்களுக்கு மட்டுமானதல்ல. குழந்தைக்காக ஐ.வி.எஃப் சிகிச்சை எடுக்கும் உங்கள் அக்காவுக்கும், 'இப்போதைக்கு முட்டையை ஃப்ரீஸ் பண்ணி வெச்சுக்கலாம்' என்று யோசிக்கும் உங்கள் ஆபீஸ் தோழிக்கும் சேர்த்துத்தான். மூன்று பேருக்கும் ஊசி ஒன்றுதான். அந்த ஊசியால் வரக்கூடிய சிக்கலின் பெயர், ஓவேரியன் ஹைப்பர்ஸ்டிமுலேஷன் சிண்ட்ரோம். சுருக்கமாக, ஓ.ஹெச்.எஸ்.எஸ். சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, வயிற்றுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் நிலை.

முதல்ல, பயப்பட வேண்டாம்!

சிகிச்சை எடுப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு லேசான உப்புசம், அடிவயிற்றில் ஒரு கனம் என்ற அளவோடு முடிந்துவிடும். ஐ.வி.எஃப் சுழற்சிகளில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த லேசான வகை வரலாம் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். அது தானாகவே சரியாகிவிடும். நடுத்தரமாகவோ தீவிரமாகவோ பாதிக்கப்படுபவர்கள் 100 பேரில் 3 முதல் 8 பேர் வரை என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. புதிய சிகிச்சை முறைகளைச் சரியாகப் பயன்படுத்தும் இடங்களில் இது இன்னும் குறைவு.

'குறைவுதானே' என்று கடந்துபோகவும் முடியாது. தீவிர வகையில் மூச்சுத்திணறல், சிறுநீரகப் பாதிப்பு, ரத்தக்குழாயில் அடைப்பு என உயிருக்கே ஆபத்து வரலாம். சரி, வயிற்றுக்குள் அந்த நீர் எங்கிருந்துதான் வருகிறது?

அது 'தண்ணி' இல்லை... உங்கள் ரத்தத்தின் ஒரு பகுதி

இதைப் பற்றி இரண்டு தப்பான நம்பிக்கைகள் உண்டு. 'முட்டைப் பைகள் உடைஞ்சு அந்த நீர்தான் வயித்துல தேங்குது' என்பது ஒன்று. 'நிறைய தண்ணி குடிச்சதால வந்தது' என்பது இன்னொன்று. இரண்டுமே இல்லை.

இயற்கையான மாதச் சுழற்சியில், சினைப்பையில் பல ஃபாலிக்கிள்கள் வளரத் தொடங்கும். முட்டையைச் சுமக்கும் குட்டிக் குட்டி நீர்ப்பைகள்தான் ஃபாலிக்கிள்கள். கடைசியில் பொதுவாக ஒன்று மட்டும் முழுசாக முதிரும். மற்றவை சுருங்கிவிடும். ஐ.வி.எஃப் சிகிச்சையில், எஃப்.எஸ்.ஹெச் ஹார்மோன் ஊசியைத் தினமும் போட்டு, சுருங்கிப்போக வேண்டிய ஃபாலிக்கிள்களையும் சேர்த்து வளர்க்கிறார்கள். 10, 15, சிலருக்கு 25, 30 என்றுகூட வளரும். சாதாரணமாக 3 செ.மீ அளவில் இருக்கும் சினைப்பை, தீவிர பாதிப்பில் 12 செ.மீ-க்கு மேல்கூடப் பெருத்துவிடும்.

இதுவரைக்கும் நீர் கசிவு கிடையாது. அது தொடங்குவது அடுத்த கட்டத்தில்.

ஃபாலிக்கிள்கள் போதுமான அளவு வளர்ந்ததும், முட்டைகளை முதிர வைக்க ஒரு ஊசி போடுவார்கள். அதுதான் 'ட்ரிகர்' ஊசி. பல ஆண்டுகளாக இதற்குப் பயன்படுவது ஹெச்.சி.ஜி என்ற ஹார்மோன். கர்ப்பத்தின்போது உடம்பில் சுரக்கிற அதே ஹார்மோன். இயற்கையில் இந்த முதிர்ச்சி வேலையைச் செய்வது எல்.ஹெச் என்ற ஹார்மோன். ஹெச்.சி.ஜி அதன் வேலையைச் செய்துவிடும், ஆனால் ஒரு வித்தியாசம். எல்.ஹெச் ரத்தத்தில் தங்குவது மணிக்கணக்கில். ஹெச்.சி.ஜி தங்குவது நாள்கணக்கில். அத்தனை நாளும் அது சினைப்பையைத் தூண்டிக்கொண்டே இருக்கும்.

அப்படித் தூண்டப்பட்ட சினைப்பை செல்கள், வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கின்றன. புது ரத்தக்குழாய்களை வளர்ப்பது இதன் வேலை. கூடவே, ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்தி, கசிய விடவும் செய்யும். இந்தப் புரதத்தை ஆராய்ச்சியாளர்கள் 1983-ல் முதலில் அடையாளம் கண்டபோது வைத்த பெயரே, 'ரத்தக்குழாயைக் கசிய வைக்கும் காரணி' என்ற பொருள் தரும் பெயர்தான். புற்றுநோயில் வயிற்றில் நீர் சேர்வதை ஆராயும்போது அதைக் கண்டார்கள். ஓ.ஹெச்.எஸ்.எஸ் வந்த பெண்களின் வயிற்று நீரிலும் கசிவை உண்டாக்குவது இதுதான் என்று 1994-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஒரு மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல பானை லேசாக வெளியே வியர்க்கும், ஆனால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். அதே பானையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் பெரிதானால்? உள்ளே இருப்பது வெளியே வழியும். நம் உடம்பின் நுண்ணிய ரத்தக்குழாய்களுக்கு நடப்பது அதுதான். ரத்தத்தின் திரவப் பகுதி குழாயைவிட்டு வெளியேறி வயிற்றுக்குள் சேர்கிறது. தீவிரமானால் நுரையீரலைச் சுற்றியும் சேரும்.

திரவம் மட்டும் போனால்கூடப் பரவாயில்லை. அதோடு அல்புமின் என்ற புரதமும் சேர்ந்து வெளியேறுகிறது. ரத்தக்குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பதே இந்த அல்புமின்தான். அது வெளியே போய்விட்டால், திரவத்தை உள்ளே இழுத்துப் பிடிக்க ஆளில்லை. வெளியே போன புரதம், அங்கே இருந்துகொண்டு இன்னும் கொஞ்சம் நீரைத் தன் பக்கம் இழுக்கும். கசிவு, கசிவை வளர்க்கும்.

வயிறு நிறைய நீர்... ஆனா உடம்பு வறண்டிருக்கு!

ஓ.ஹெச்.எஸ்.எஸ்-ஐப் புரிந்துகொள்ள இந்த முரண்பாடுதான் சாவி. வயிறு பலூன் மாதிரி ஊதியிருக்கும். எடை கூடும். ஆனால், ரத்தக்குழாய்க்குள் திரவம் குறைந்திருக்கும். ரத்தம் கெட்டியாகும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். சிறுநீர் குறையும். உடம்பு, 'நீர் பற்றாக்குறை' என்று நினைத்து உப்பையும் நீரையும் தக்க வைக்கும். அப்படித் தக்க வைத்ததும் அந்தக் கசியும் குழாய் வழியே மறுபடி வயிற்றுக்கே போய்ச் சேரும்.

கெட்டியான ரத்தம் உறையத் தொடங்கினால் அதுதான் பெரிய ஆபத்து. காலில் மட்டுமல்ல, கழுத்து, கை ரத்தக்குழாய்களிலும் கட்டி உருவாவது இந்தப் பிரச்னையில் பதிவாகியிருக்கிறது.

இதனால்தான் வீட்டு வைத்தியம் இங்கே ஆபத்தாகிறது. 'வயிறு வீங்குது, தண்ணியைக் குறை' என்று வீட்டில் சொல்வார்கள். குறைக்கக் கூடாது, தாகத்துக்கு ஏற்பக் குடிக்க வேண்டும். 'நீர் பிரியிற மாத்திரை போட்டா வடிஞ்சிடும்' என்பார்கள். டாக்டர் சொல்லாமல் போட்டால், ஏற்கெனவே வறண்டிருக்கும் ரத்தக்குழாய் இன்னும் வறண்டுவிடும். வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சில மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், பாராசிட்டமாலைத் தாண்டி எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

எப்போ வரும்... யாருக்கு அதிகம் வரும்?

இரண்டு சமயங்களில் வரும். ட்ரிகர் ஊசி போட்ட முதல் ஒன்பது நாள்களுக்குள் வருவது முதல் வகை. இதற்குக் காரணம் அந்த ஊசியில் இருக்கும் ஹெச்.சி.ஜி. பத்து நாளுக்குப் பிறகு வருவது இரண்டாவது வகை. கரு தங்கிவிட்டால், அந்தக் கர்ப்பமே ஹெச்.சி.ஜி-யைச் சுரக்கும். அது ஏற்கெனவே பெருத்திருக்கும் சினைப்பையை மறுபடியும் தூண்டும். இரட்டைக் கர்ப்பம் என்றால் ஹெச்.சி.ஜி இன்னும் அதிகம். இந்த இரண்டாம் வகை, முதல் வகையைவிடத் தீவிரமாகவும் நீண்ட நாளும் நீடிக்கலாம்.

பி.சி.ஓ.எஸ் உள்ளவர்கள், வயது குறைந்தவர்கள், ஏ.எம்.ஹெச் ஹார்மோன் அளவு அதிகமாக இருப்பவர்கள், முன்பு ஒருமுறை ஓ.ஹெச்.எஸ்.எஸ் வந்தவர்கள் - இவர்களுக்கு ஆபத்து அதிகம். ஸ்கேனில் நிறைய ஃபாலிக்கிள்கள் தெரிந்தாலும் கவனம் தேவை. ட்ரிகர் நாளில் 11 மி.மீ-க்கு மேற்பட்ட ஃபாலிக்கிள்கள் 18 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதிக ஆபத்துள்ளவராகக் கருதச் சொல்கிறது ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். வயது குறைவு, நிறைய ஃபாலிக்கிள், நல்ல ஏ.எம்.ஹெச். கருமுட்டைச் சந்தையில் 'நல்ல டோனர்' என்று தேடப்படுவது யாரை? இதே பெண்ணைத்தான்.

டோனருக்கு இது வரவே தேவையில்லை!

ஓ.ஹெச்.எஸ்.எஸ்-ஐத் தடுக்கும் வழிகள் இன்று டாக்டர்களின் கையில் இருக்கின்றன. ஊசியின் அளவை ஆளுக்கேற்பக் குறைப்பது முதல் படி. 'ஆன்டகனிஸ்ட்' என்ற சிகிச்சை முறையைத் தேர்ந்தெடுப்பது அடுத்தது. அந்த முறையில், ஹெச்.சி.ஜி-க்குப் பதிலாக 'அகோனிஸ்ட்' வகை ட்ரிகர் ஊசியைப் போட முடியும். இது உடம்பின் சொந்த எல்.ஹெச்-ஐயே கொஞ்ச நேரம் மட்டும் சுரக்க வைத்து, பிறகு அடங்கிவிடும். நாள்கணக்கில் தூண்டிக்கொண்டிருக்க ஹெச்.சி.ஜி ரத்தத்தில் இல்லை என்பதால், தீவிர ஓ.ஹெச்.எஸ்.எஸ் மிக மிக அரிதாகிவிடுகிறது. கபர்கோலின் என்ற மாத்திரை, வி.இ.ஜி.எஃப் வேலை செய்யும் வாசலை அடைத்து, கசிவைக் குறைக்க உதவுகிறது. உருவான கருக்களை உடனே கருப்பையில் வைக்காமல் உறைய வைத்து, அடுத்தடுத்த மாதங்களில் வைக்கும்போது, கர்ப்பத்தால் வரும் இரண்டாம் வகை வருவதில்லை.

சொந்தக் குழந்தைக்காக சிகிச்சை எடுக்கும் பெண்ணுக்கு இதில் சில கணக்குகள் உண்டு. அகோனிஸ்ட் ட்ரிகருக்குப் பிறகு, அதே மாதம் கருவை வைத்தால் வெற்றி வாய்ப்பு குறையலாம். உறைய வைப்பதற்குத் தனிச் செலவு. அதனால் டாக்டரும் தம்பதியும் பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால், முட்டையைக் கொடுத்துவிட்டுப் போகும் பெண்ணின் கருப்பையில் யாரும் கரு வைக்கப் போவதில்லை. அவளுக்கு அகோனிஸ்ட் ட்ரிகர் போடுவதால் எந்த இழப்பும் இல்லை. கர்ப்பத்தால் வரும் இரண்டாம் வகைக்கும் இடமில்லை. முட்டையை ஃப்ரீஸ் செய்பவருக்கும் இதே கணக்குதான். ஆக, சரியாகச் சிகிச்சை தரப்பட்டால் தீவிர ஓ.ஹெச்.எஸ்.எஸ் கிட்டத்தட்ட வரவே கூடாதவர்கள் இவர்கள்தான். ஒரு டோனர் மூச்சுத்திணறலோடு எமர்ஜென்சி வார்டுக்கு வந்தால், 'அவங்க உடம்பு வாகு அப்படி' என்று சொல்வதற்கு முன், என்ன ட்ரிகர் போட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

இந்தியாவில் கருமுட்டை எடுத்த பிறகு இளம்பெண்கள் இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. 2010-ல் மும்பையில் இறந்த பெண்ணுக்கு வயது 17. 2014-ல் டெல்லியிலும் ஒரு பெண் இறந்தார். இரண்டு முறையும் 'சட்டம் வேண்டும்' என்ற குரல் எழுந்தது. சட்டமும் வந்தது.

சட்டம் எதை எண்ணுகிறது?

செயற்கைக் கருத்தரிப்பு நெறிமுறைச் சட்டம், 2021-ல் நிறைவேறி, 2022 ஜனவரி 25-ல் நடைமுறைக்கு வந்தது. கருமுட்டை கொடுப்பவரின் வயது 23 முதல் 35-க்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே கொடுக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. அவருக்கு 12 மாதங்களுக்கான காப்பீட்டை, முட்டையைப் பெறும் தரப்பு எடுத்துத் தர வேண்டும். எழுத்துபூர்வமான சம்மதம் கட்டாயம். கருமுட்டையை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

நல்ல விதிகள்தான். ஆனா, நீர் சேரும் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த 'ஏழு' என்ற எண்ணைப் பாருங்கள். சட்டம் எண்ணுவது, எடுக்கப்படும் முட்டைகளை. ஆபத்து இருப்பதோ, வளர்க்கப்படும் ஃபாலிக்கிள்களிலும் போடப்படும் ட்ரிகரிலும். 20 ஃபாலிக்கிள்களை வளர்த்து, ஹெச்.சி.ஜி போட்டுவிட்டு, ஏழு முட்டையை மட்டும் எடுத்தால் சட்டப்படி சரி. ஆனால், அந்தப் பெண்ணின் ரத்தக்குழாய்களுக்குச் சட்டம் தெரியாது. மறுபக்கம், 'எத்தனை முட்டை வரும் என்று துல்லியமாகக் கட்டுப்படுத்த முடியாது' என்பது மருத்துவர்கள் தரப்பு வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. அப்படியென்றால், எண்ணிக்கையோடு சேர்த்து எந்த ட்ரிகர் போடப்பட்டது, டிஸ்சார்ஜுக்குப் பிறகு எத்தனை நாள் கண்காணித்தார்கள் என்பதையும் பதிவு செய்து கேள்வி கேட்பதுதானே சரி?

ஏனென்றால், ஓ.ஹெச்.எஸ்.எஸ் மருத்துவமனையில் இருக்கும்போது வருவதில்லை. முட்டை எடுத்த அன்றே பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வயிறு வீங்கத் தொடங்குவது அடுத்தடுத்த நாள்களில். ஐ.வி.எஃப் எடுக்கும் பெண்ணுக்குக் கூட கணவர் இருப்பார், டாக்டரின் நம்பர் இருக்கும், அடுத்த செக்கப் தேதி இருக்கும். புரோக்கர் மூலமாக வேறு பெயரில், வேறு வயதில் போன பெண்ணுக்கு? அவளிடம் இருப்பது புரோக்கரின் நம்பர் மட்டும். ஃபைலில் இருப்பது அவள் பெயரே இல்லை. காப்பீடு யார் பெயரில் இருக்கும்? உள்ளூர் டாக்டரிடம் போனாலும், உண்மையைச் சொல்லப் பயந்து 'கேஸ் டிரபிள்' என்றுதான் சொல்வாள். போலி ஆதார் வெறும் சட்ட மீறல் மட்டுமல்ல. அது, ஆபத்து வரும்போது அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்கும் வழியையே அடைத்துவிடுகிறது.

நீங்க கேட்க வேண்டிய கேள்விகள்

சிகிச்சையோ, தானமோ, ஃப்ரீஸிங்கோ, எதுவாக இருந்தாலும் ஊசி தொடங்கும் முன் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

* எனக்கு ஓ.ஹெச்.எஸ்.எஸ் ஆபத்து எவ்வளவு? என் ஏ.எம்.ஹெச், ஸ்கேன் முடிவு என்ன சொல்கிறது?

* எனக்கு எந்த ட்ரிகர் போடப் போறீங்க? ஹெச்.சி.ஜி என்றால், ஏன்?

* நிறைய ஃபாலிக்கிள் வளர்ந்துட்டா என்ன செய்வீங்க? சுழற்சியை நிறுத்துவீங்களா, கருவை உறைய வைப்பீங்களா?

* ராத்திரி 2 மணிக்கு மூச்சு திணறினா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்?

* டோனராக இருந்தால்: என் காப்பீட்டு ஆவணத்தின் நகல் என் கையில் எப்போ கிடைக்கும்?

வீட்டுக்கு வந்த பிறகு...

தினமும் காலையில் எடை பாருங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவை டேப்பால் அளந்து மொபைலில் குறித்து வையுங்கள். பெருத்த சினைப்பை முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு என்பதால் ஜிம், கடினமான வேலை, தாம்பத்யம் எல்லாவற்றுக்கும் சில நாள் லீவு.

ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடுதல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைந்து அடர் நிறமாதல், படுத்தால் மூச்சு முட்டுதல், நெஞ்சுவலி, தாங்க முடியாத வயிற்றுவலி, ஒரு காலிலோ கையிலோ கழுத்திலோ மட்டும் வலியோடு வீக்கம். இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம். சிகிச்சை எடுத்த மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். அவர்கள் எடுக்கவில்லை என்றால் 108. எந்த மருத்துவமனைக்குப் போனாலும், 'முட்டை வளர ஊசி போட்டாங்க, இந்தத் தேதியில எடுத்தாங்க' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதை மறைத்தால், கேஸ் டிரபிளுக்கு மாத்திரை தந்து அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம்.

சரியான நேரத்தில் போனால் சிகிச்சை இருக்கிறது. டிரிப்ஸ், தேவைப்பட்டால் அல்புமின், ரத்தம் உறையாமலிருக்க ஊசி, வயிற்று நீரை ஸ்கேன் பார்த்தபடி ஊசி மூலம் வெளியேற்றுவது என டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். கர்ப்பம் இல்லையென்றால், ஹெச்.சி.ஜி-யின் வீரியம் குறையக் குறைய, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் உடம்பு தன் கசிவைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

உங்கள் ஃபீடில் நாளைக்கே 'கருமுட்டை கொடுங்க, கை நிறைய சம்பாதிங்க' என்று ஒரு மெசேஜ் வரலாம். வாடகைக்கும் ஃபீஸுக்கும் திண்டாடும் ஒரு தோழி, 'பத்து நாள் ஊசிதானே' என்று யோசிக்கலாம். அவளைக் குற்றவாளி மாதிரி பார்க்காதீர்கள், அட்வைஸ் மழையும் வேண்டாம். 'என்ன ட்ரிகர் போடுவாங்கன்னு கேட்டியா? உன் நிஜப் பேர்ல ஃபைல் இருக்குமா? அஞ்சாவது நாள் வயிறு வீங்கினா யாருக்கு போன் பண்ணுவே?' என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத எவரும், அவள் உடம்பைத் தொடத் தகுதியில்லாதவர்கள். அதைப் புரிந்துகொள்ள அவளுக்குச் சட்டப் புத்தகம் தேவைப்படாது.